வீட்டு ஸ்டூடியோவுக்கு எந்த ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்? தேர்வில் தொடங்கி முதல் பாட்டை முடிப்பது வரை முழுமையான வழிகாட்டி

'எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?' என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன பதியப் போகிறீர்கள்? மயிலாப்பூரில் பாட்டு வகுப்பு நடத்தும் ஆசிரியைக்குத் தம்புராவோடு குரல் சுத்தமாக விழுந்தால் போதும். வியாசர்பாடியில் கானா எழுதிப் பாடும் பையனுக்கு முதலில் பீட் வேண்டும், குரல் அதன் மேல்தான் ஏறும். குறும்படத்துக்குப் பின்னணி இசை போடுகிறவருக்குப் படத்தை ஓடவிட்டுக்கொண்டே வாசிக்கும் வசதி வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பெயரைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது பொருந்தாமல் போகும்.

அதனால் சாஃப்ட்வேர் பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: அடுத்த ஆறு மாதத்தில் முடிக்க நினைக்கும் மூன்று பாட்டுகள் எவை, அவற்றில் மைக் வைத்துப் பதிய வேண்டியவை எத்தனை, கீபோர்டில் வாசித்துச் சேர்க்க வேண்டியவை எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பாடவோ வாசிக்கவோ போகிறார்கள். இந்தத் தாள்தான் சாஃப்ட்வேரையும் கருவிகளையும் தேர்வு செய்யும்.

யாருக்கு எது

குரல், வீணை, வயலின், மிருதங்கம், கிட்டார் என்று மைக் வேலை அதிகம், கையில் இருப்பது விண்டோஸ் லேப்டாப் என்றால் என் பரிந்துரை ரீப்பர். காக்கோஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிடுகிறது. வினாம்ப் ப்ளேயரை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் உருவாக்கியது. விண்டோஸுக்கான கோப்பு 20 எம்பி கூட இல்லை, பழைய லேப்டாப்பிலும் தடையில்லாமல் ஓடும். 60 நாள் எல்லா வசதிகளோடும் இலவசமாகப் பழகிப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் லைசன்ஸ் 60 டாலர், நம் பணத்தில் 5,000 ரூபாய்க்கு மேல் வரும். ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டும் ஸ்டூடியோ என்றால் 225 டாலர். டாலரில் கட்டுவதற்கு முன் உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கி ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இதன் குறை என்னவென்றால் கூடவே வாத்திய ஒலிகள் அதிகம் வராது, தோற்றமும் முதல் பார்வைக்குக் கொஞ்சம் வறட்சியாக இருக்கும். பாடிப் பதிகிறவருக்கு இரண்டுமே பெரிய விஷயமில்லை.

மேக் வைத்திருப்பவர்கள் வேறெங்கும் தேட வேண்டாம். கராஜ்பேண்ட் இலவசம். அதில் ஒரு வருடம் பழகிவிட்டு, போதவில்லை என்று தோன்றும்போது லாஜிக் ப்ரோவுக்குப் போகலாம். கராஜ்பேண்டில் செய்த வேலையை லாஜிக் அப்படியே திறக்கும். லாஜிக்கின் அமெரிக்க விலை சுமார் 200 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும்.

பீட், லூப் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு), சிந்த் (மின்னணு முறையில் உண்டாக்கும் வாத்திய ஒலி) என்று கம்ப்யூட்டருக்குள்ளேயே பாட்டைக் கட்டுகிறவர்களுக்கு எஃப்எல் ஸ்டூடியோ. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனம் 1997 முதல் கொடுத்து வருவது. ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுக்கப் புதிய பதிப்புகள் இலவசம். வாங்குமுன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இலவச ட்ரையலில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் லைசன்ஸ் வாங்கும்வரை அதை மறுபடி திறக்க முடியாது. விலை குறைவான ஃப்ரூட்டி எடிஷனில் குரல் பதிய முடியாது; பாட வேண்டுமென்றால் ப்ரொட்யூசர் எடிஷன் வேண்டும். மேடையில் லூப்களை ஓடவிட்டு வாசிக்கிறவர்களுக்கு ஏபிள்டன் லைவ் நன்றாகப் படியும்.

படத்துக்கு இசை போடுகிறவர்களுக்கு க்யூபேஸ், லாஜிக் இரண்டும் வசதி. இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்கும்போதே க்யூபேஸ் அல்லது ஏபிள்டனின் சிறு பதிப்பு ஒன்று கூடவே வருவதுண்டு. பெட்டிக்குள் இருக்கும் கூப்பனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ப்ரோ டூல்ஸ் தனிக் கதை. சாலிகிராமம், வடபழனி பக்கம் சினிமா மிக்ஸிங் ஸ்டூடியோவில் சவுண்ட் இன்ஜினியராக வேலைக்குப் போவதுதான் குறிக்கோள் என்றால் அதைக் கற்றே ஆக வேண்டும். ப்ரோ டூல்ஸ் இன்ட்ரோ என்ற இலவசப் பதிப்பில் 8 ஆடியோ டிராக் கிடைக்கிறது, பழகுவதற்கு அது போதும். வீட்டில் பாட மட்டும் என்றால் அதில் தொடங்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆடாசிட்டி பேச்சு, பாட்காஸ்ட், பழைய கேசட்டை டிஜிட்டலாக்குவது போன்றவற்றுக்கு அருமை. பல டிராக் வைத்துப் பாட்டைக் கட்டுவதற்கு அது போதாது. மொபைல் மட்டுமே இருக்கிறதென்றால் பேண்ட்லேப் இலவசம்.

கிராக் பதிப்பு வேண்டவே வேண்டாம்

'ஃப்ரெண்டு பென் டிரைவ்ல குடுத்தான்' என்று வரும் திருட்டுப் பதிப்பை நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. வைரஸ் பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அப்டேட் செய்ய முடியாது, பாதி வேலையில் நின்றுபோனால் யாரிடமும் உதவி கேட்க முடியாது. நம் பாட்டை யாராவது காசு கொடுக்காமல் எடுத்தால் நமக்கு எப்படி வலிக்குமோ, அதே வலி இதை எழுதினவர்களுக்கும் உண்டு. இலவசமாகவும் 60 டாலருக்கும் இவ்வளவு நல்லவை கிடைக்கும்போது திருடுவதற்குக் காரணமே இல்லை.

கருவிகள்: குறைந்தபட்சம் எது

8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க் உள்ள லேப்டாப் போதும்; வாத்திய சாம்பிள்கள் நிறையப் போடுவதென்றால் 16 ஜிபி. ஒருவர் மட்டும் பாடுவதென்றால் ஒரு மைக் இன்புட் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். பாட்டோடு மிருதங்கத்தையும் சேர்த்துப் பதிவதென்றால் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று என்று மூன்று மைக் வேண்டும், அப்போது நான்கு இன்புட் உள்ளதைப் பாருங்கள். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் அவசியம். திறந்த வகையில் தம்புராவும் கிளிக்கும் (தாளத்துக்குக் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம்) கசிந்து மைக்கில் விழும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வேலைக்கு ஆகாது, சத்தம் தாமதமாக வரும்.

கண்டென்சர் மைக் நுணுக்கமாக எடுக்கும், அதே நுணுக்கத்தோடு தெருச் சத்தத்தையும் எடுக்கும். மெயின் ரோட்டை ஒட்டிய வீடு என்றால் டைனமிக் மைக்கை வாங்கி வாயருகே வைத்துப் பாடுவது நல்லது. கண்டென்சருக்கு இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பட்டனைப் போட வேண்டும். அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளுக்குப் போனால் நேரில் பார்த்து விசாரிக்கலாம். கேபிள், கன்வெர்ட்டர், சின்னச் சின்ன பிளக் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். சென்னைக் காற்றின் ஈரப்பதம் கண்டென்சர் மைக்குக்கு எதிரி: வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.

அறையும் சத்தமும்

வீட்டிலேயே ஸ்டூடியோ என்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. கோடம்பாக்கத்தில் ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ரெக்கார்ட் இன் 1989ல் அவர் வீட்டுப் பின்புறத்தில் உருவானதுதான். நம் வீட்டில் அந்த அளவு ஏற்பாடு முடியாது. ஆனால் துணி நிறைந்த அறை எல்லார் வீட்டிலும் உண்டு. படுக்கையறையில் பீரோவைத் திறந்து வைத்து, தொங்கும் புடவைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடுங்கள். மைக்கின் முகம் பாடகரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் துணியையும் பார்ப்பதால், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி குறைகிறது. தரையில் ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான போர்வை. முட்டை அட்டையை ஒட்டுவதால் பலன் ஒன்றும் இல்லை.

ஃபேனை நிறுத்துங்கள், ஏசியையும் நிறுத்துங்கள். பாடுவதற்கு அரை மணி முன்பு ஏசி போட்டு அறையைக் குளிர வைத்துவிட்டு, டேக் (ஒரு தடவை பாடிப் பதிவது) எடுக்கும்போது அணைத்துவிடலாம். அடுக்குமாடியில் தண்ணீர் மோட்டார் ஓடும் நேரம் வாட்ச்மேனுக்குத் தெரியும், கேட்டு வையுங்கள். காய்கறி வண்டி ஸ்பீக்கர், குக்கர் விசில், ஹாரன் எல்லாம் ஓய்ந்த இரவு 10 மணிக்கு மேல்தான் பல வீடுகளில் நல்ல டேக் விழுகிறது. ஆடி மாதமும் மார்கழி விடியலும் கோயில் ஒலிபெருக்கிகளின் நேரம். அந்த நேரத்தை எடிட்டிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'ம்ம்ம்' என்று அடியில் ஓர் இரைச்சல் கேட்டால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். போய்விட்டால் காரணம் எர்த்திங். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் அது கூடலாம். அப்போது டேக்கை நிறுத்தி வைப்பதே மேல்.

முதல் செட்டிங்: ரீப்பரை வைத்து

இங்கிருந்து உதாரணங்களுக்கு ரீப்பரை எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றில் மெனு பெயர் மாறும், வேலை மாறாது.

1. இன்டர்ஃபேஸ் கம்பெனியின் தளத்திலிருந்து அதன் ஆசியோ டிரைவரை (இன்டர்ஃபேஸையும் விண்டோஸையும் பேச வைக்கும் சிறு சாஃப்ட்வேர்) முதலில் போடுங்கள். பிறகு ரீப்பரில் ஆப்ஷன்ஸ், ப்ரிஃபரன்ஸஸ், ஆடியோ, டிவைஸ் என்று போய் ஆசியோவைத் தேர்ந்தெடுங்கள்.

2. சாம்பிள் ரேட் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சினிமாவும் வீடியோவும் 48லேயே நடக்கின்றன, பின்னால் மாற்றும் வேலை மிச்சம். ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி பிடிக்கும்.

3. பஃபர் சைஸ் (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டின் அளவு) பதியும்போது 128. 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி செகண்ட் தாமதம். மிக்ஸ் செய்யும்போது 1024க்கு ஏற்றிவிடுங்கள், கம்ப்யூட்டருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். 'அண்ணா, என் குரல் எனக்கே லேட்டா கேக்குது' என்று பாடுகிறவர் சொன்னால் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போட்டு (குரல் கம்ப்யூட்டருக்குள் சுற்றாமல் நேரே ஹெட்ஃபோனுக்கு வரும்), ரீப்பர் டிராக்கில் இருக்கும் மானிட்டரை அணையுங்கள்.

4. புது ப்ராஜெக்டை முதலிலேயே சேமியுங்கள். சேவ் செய்யும் ஜன்னலில் ப்ராஜெக்டுக்குத் தனி ஃபோல்டர் உண்டாக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். இதை விட்டவர்களின் ஆடியோ கோப்புகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

5. கண்ட்ரோல்-டி (T) அடித்தால் புது டிராக். டிராக்கின் சிவப்பு பட்டனை அழுத்தி இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். பாடகரை அனுபல்லவியின் உச்சத்தைப் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடுமளவுக்கு கெயின் (மைக் சத்தத்தை உள்ளே எடுக்கும் அளவு) வையுங்கள். பல்லவியின் முதல் வரியை வைத்து கெயின் பார்த்தால் மேல் ஸ்தாயியில் கிளிப் ஆகிவிடும், அதாவது சத்தம் உடைந்து விழும்.

சுருதி, தாளம், கமகம்

எல்லா ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும் சில விஷயங்களை நம்மைக் கேட்காமலே முடிவு செய்து வைத்திருக்கிறது. ஸ்வரம் பன்னிரண்டு, தாளம் நாலு, வேகம் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120, எல்லாம் கட்டத்துக்குள் வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். சினிமாப் பாட்டுக்கும் ராப்புக்கும் இது சரி. விருத்தம் பாடுகிறவருக்கும் வீணை வாசிக்கிறவருக்கும் இந்த ஏற்பாடுதான் முதல் தடை. பாட வீடியோக்களில் பெரும்பாலும் இது வராது என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

சுருதியில் தொடங்குவோம். கட்டை என்பது பாடகரின் சுருதி அளவு: 1 கட்டை கீபோர்டின் சி, 2 கட்டை டி, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப், 6 கட்டை ஏ. ப்ராஜெக்ட் பெயரிலேயே கட்டையைப் போட்டு வையுங்கள். பின்னால் கீபோர்டோ புல்லாங்குழலோ சேர்க்கப்போவதாக இருந்தால் தம்புரா ஆப் 440 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறதா என்று டியூனரில் சரிபாருங்கள். காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆப்பில் நூலளவு ஏற்றி வைத்திருப்பார்கள், கீபோர்டு வந்து சேரும்போதுதான் இடிக்கும். தம்புராவை மைக்கில் விழவிடாமல் தனி டிராக்கில் வைத்து ஹெட்ஃபோனில் மட்டும் கொடுங்கள். இரண்டு டேக்கை வெட்டி ஒட்டும்போது பின்னணியில் தம்புரா தாவாமல் இருக்க இதுதான் வழி.

அடுத்து தாளம். ஆதி தாளத்துக்கு டைம் சிக்னேச்சரை 8/4 என்று வைத்தால் ஒரு பார் (திரையில் தெரியும் ஒரு தாளப் பகுதி) ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுத் தாளச் சுற்று. எந்த ஆவர்த்தனத்தில் தப்பு நடந்தது என்று பார் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். ரூபகத்துக்கு 3/4, கண்ட சாபுக்கு 5/8, மிஸ்ர சாபுக்கு 7/8. மிஸ்ர சாபுவில் சாதாரண கிளிக் முதல் அடியை மட்டும் அழுத்தி மற்ற ஆறையும் ஒரே மாதிரி தட்டும்; பாடுகிறவருக்குத் தாளமே தெரியாது. ரீப்பரின் மெட்ரோனோம் செட்டிங்கில் அடி வரிசையை ஏ, பி எழுத்துகளால் எழுதலாம். ஏ என்றால் அழுத்தம், பி என்றால் சாதாரண அடி. 'ஏபிபி ஏபி ஏபி' என்ற வரிசையை இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் எழுதினால் 'தகிட தக திமி' என்று கிளிக்கே சொல்ல ஆரம்பிக்கும். அரை இடம் தள்ளி எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) உள்ள கீர்த்தனைக்கு முன்னோட்டமாக ஒரு முழு ஆவர்த்தனத்தைக் கொடுங்கள்.

ஆலாபனை, விருத்தம், தானம் இவற்றுக்கு கிளிக்கே வேண்டாம். ஆல்ட்-எஸ் அழுத்தி ஸ்னாப்பை (கட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் வசதி) அணையுங்கள். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை 'டைம்' என்று மாற்றுங்கள். இல்லையென்றால் பின்னால் வேகத்தை மாற்றும்போது பாடி வைத்த ஆலாபனை இடம் பெயர்ந்துவிடும். பாட்டோடு மிருதங்கம் வாசிப்பவர் இருந்தால் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து கிளிக் இல்லாமல் பதிவதையே நான் விரும்புவேன். ஒருவர் சத்தம் மற்றவர் மைக்கில் கொஞ்சம் விழும். பரவாயில்லை, அவர்களுக்குள் நடக்கும் பேச்சு அந்தப் பதிவில் உயிரோடு இருக்கும்.

கடைசியாக கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது. ஆன்டாரஸ் நிறுவனத்தின் ஆட்டோ-டியூன் 1997ல் வந்தது. அதுவும் அதன் வகையில் வந்த மற்றவையும் ஸ்வரத்தைப் பக்கத்தில் இருக்கும் கட்டத்துக்கு இழுத்து நிறுத்துகின்றன. ஐந்தரைக் கட்டையில் ஒரு பெண் குரல் தோடி பாடுகிறது என்று வையுங்கள். ஸட்ஜம் ஜி ஷார்ப். காந்தாரம் கீபோர்டில் பி. ஆனால் தோடியின் காந்தாரம் அங்கே நிற்பதே இல்லை. ரிஷபத்தின் பக்கமிருந்து மத்யமத்தின் பக்கம் வரை, அதாவது ஏயிலிருந்து சி ஷார்ப் வரை அலைந்துகொண்டே இருக்கும். பிட்ச் எடிட்டரில் திறந்தால் திரையில் பெரிய அலை தெரியும். அதைக் கருவி நேராக்கினால் கிடைப்பது மூன்று தனித்தனி ஸ்வரங்களின் படிக்கட்டு. தோடி போய்விட்டது.

ஆகவே கர்நாடக இசையிலும் தேவாரத்திலும் தானியங்கித் திருத்தத்தை முழுவதுமாக அணைத்து வையுங்கள். நீண்டு நிற்கும் ஸட்ஜமோ பஞ்சமமோ கொஞ்சம் இறங்கியிருந்தால் அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் வெட்டி, கையால் ஐந்து பத்து சென்ட் (அடுத்தடுத்த இரண்டு கீபோர்டு ஸ்வரங்களின் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு) தூக்கலாம். அதற்கு மேல் என்றால் மறுபடி பாடுவதே வேகமான வழி, நல்ல வழியும்கூட.

முதல் பாட்டு: கற்றுக்கொள்ளும் வரிசை

சாஃப்ட்வேரை மெனு மெனுவாகக் கற்கக் கூடாது. ஒரு சின்னப் பாட்டை எடுத்து முழுதாக முடிப்பதன் வழியாகக் கற்க வேண்டும். மூன்று நிமிடத் திருப்புகழோ தாலாட்டோ போதும்.

முதல் வாரம் பதிவு மட்டும். தம்புரா ஒரு டிராக், குரல் ஒரு டிராக். கண்ட்ரோல்-ஆர் பதிவு, ஸ்பேஸ் பார் ஓட்டம். முழுப் பாட்டையும் மூன்று தடவை பாடுங்கள். மூன்று டேக்கும் அடுக்காக நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் எந்த டேக் என்று தாளில் குறித்துக்கொண்டு, எஸ் அழுத்தி வரி முடிவில் வெட்டி, நல்லதைத் தேர்ந்தெடுங்கள். வெட்டை மூச்சுக்கு முன்னால் வையுங்கள். மூச்சுக்கு நடுவில் வெட்டினால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் வாரம் மூன்றே கருவிகள்: ஈக்யூ (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைப்பது), கம்ப்ரெஸர் (உரத்த இடங்களை அடக்குவது), ரிவர்ப் (எதிரொலி சேர்ப்பது). ரீப்பருடன் வரும் ரீஈக்யூ, ரீகாம்ப் போதும், வேறு ப்ளக்இன் வாங்க வேண்டாம். ஈக்யூவில் ஹை பாஸ் போட்டு ஆண் குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும், பெண் குரலில் 100க்குக் கீழும் இருப்பதை எடுத்துவிடுங்கள். தெரு அதிர்வு பெரும்பாலும் அங்கேயே போய்விடும். கம்ப்ரெஸர் 3:1, உரத்த இடங்களில் 3 முதல் 5 டெசிபல் குறைந்தால் போதும். ரிவர்பைத் தனி டிராக்கில் போட்டுக் குரலிலிருந்து அதற்கு அனுப்புங்கள். கேட்கும் அளவுக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து கொஞ்சம் இறக்கினால் சரியாக இருக்கும்.

மூன்றாம் வாரம் பாட்டை வெளியே கேளுங்கள். கார், மொபைல் ஸ்பீக்கர், பத்து ரூபாய் பெறாத இயர்ஃபோன். மொபைலில் தம்புரா காணாமல் போனால் ஈக்யூவில் அதன் உயர் ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் தூக்க வேண்டும். காரில் குரல் முட்டினால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை லேசாக இறக்குங்கள்.

சந்தேகம் வந்தால் ரீப்பரின் தளத்திலேயே முழுக் கையேடும், கென்னி ஜியோயா செய்த பாட வீடியோக்களும் இலவசமாக இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒன்று பார்த்து, அன்றே உங்கள் பாட்டில் அதைச் செய்யுங்கள். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு 2008ல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி போன்ற இடங்கள் இங்கேயே இருக்கின்றன.

நான்காவது வாரத்தில் இரண்டாவது பாட்டு. சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும் என்ற ஆசை இந்த நேரத்தில்தான் வரும். ஐந்து பாட்டு முடியும்வரை மாற்றாதீர்கள்.

வெளியே அனுப்புவது

கண்ட்ரோல்-ஆல்ட்-ஆர் அழுத்தினால் ரெண்டர் ஜன்னல் (முடித்த பாட்டைக் கோப்பாக எடுக்கும் இடம்) வரும். மூலப் பிரதி எப்போதும் 24 பிட் வேவ். எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும். யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் சத்தத்தைச் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அளவுக்கு இறக்கிவிடும் என்பதால் லிமிட்டரை (சத்தத்தின் உச்சத்தை அடக்கும் கருவி) வைத்து நசுக்க வேண்டிய தேவையே இல்லை.

மிக்ஸிங்கை வெளி ஸ்டூடியோவுக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாக எடுங்கள். எல்லாக் கோப்பும் பூஜ்ஜிய நொடியிலிருந்தே தொடங்க வேண்டும், குரல் மூன்றாவது நிமிடத்தில் வந்தாலும் சரி. ரிவர்ப் இல்லாத குரல் ஒன்று, உங்கள் ரிவர்போடு மாதிரிக்கு ஒன்று. கோப்புப் பெயரில் பாட்டு, வாத்தியம், கட்டை, வேகம் நான்கும் இருக்கட்டும். கூடவே நீங்கள் செய்த மாதிரி மிக்ஸையும் வையுங்கள். மொத்த ஃபோல்டருக்கும் மூன்று பிரதி: லேப்டாப்பில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. டிஸ்க்கைக் கொடுத்தனுப்பும் முன் வேறொரு கம்ப்யூட்டரில் ப்ராஜெக்டைத் திறந்து, எல்லா டிராக்கும் ஓடுகிறதா என்று பாருங்கள்.